மேலயா, கீழயா?

"சார், பாலத்து மேலயா, கீழயா?"

சென்னையில் ஆட்டோவில் போகிறவர்களுக்குப் பழகிய கேள்வி இது. ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே கேட்பார். பதில் சொல்ல நமக்குச் சில விநாடிகள்தான் இருக்கும். ஏற்றம் தொடங்கும் இடத்தைத் தாண்டிவிட்டால் மனம் மாறிப் பயனில்லை. மேலே போனவர் கடைசிவரை மேலேயேதான் போக வேண்டும். அந்தக் கேள்வியில் 'மேம்பாலம்' என்ற சொல் இல்லை என்பதை வெகுகாலம் நான் கவனிக்கவில்லை. பாலம் இருக்கிறது. மேல் இருக்கிறது. கூடவே, மேம்பாலம் என்ற சொல்லுக்குள் இடம் கிடைக்காத 'கீழ்' இருக்கிறது.

எழுதும்போது மேம்பாலம் என்கிறோம். பேசும்போது வெறும் பாலம் என்று சுருக்கி, அதற்கு மேலும் கீழும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்கிறோம். இந்த வித்தியாசம் என்னைப் பல நாட்களாக அரித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மேல், பாலம் இரண்டும் சேர்ந்தது. பள்ளியில் புணர்ச்சி படித்தவர்களுக்கு இங்கே ஓர் உறுத்தல் வரும். மேல் என்பதோடு வல்லினம் வந்து சேர்ந்தால் லகரம் றகரமாகத் திரியும்: மேற்கூரை, மேற்படிப்பு, மேற்பார்வை. அந்த வழியில் மேற்பாலம் என்றுதான் வந்திருக்க வேண்டும். மலையாளத்தில் மேல்ப்பாலம் என்கிறார்கள். கன்னடத்தில் மேல்சேதுவெ. இரண்டிலும் மேல் அப்படியே தெரிகிறது. நம்மிடம்தான் அது 'மேம்' ஆகிவிட்டது. இந்த மேம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினால் மேம்படு, மேம்பாடு, மேம்போக்கு என்று ஒரு சிறு குடும்பம் கிடைக்கிறது. மேம்பாடு என்ற சொல்லின் ஓசை பாலத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்பது என் ஊகம். சாலை மேம்பாடு, நகர மேம்பாடு, மேம்பாலம் எல்லாம் ஒரே அடிக்கல்லில், ஒரே விழா மேடையில் அடுத்தடுத்து ஒலிக்கும்போது காதுக்கு அவை உடன்பிறப்புகள்தான்.

இது வெறும் ஓசை விவகாரம் இல்லை. மேற்பாலம் என்றால் அது இருக்கும் இடத்தை மட்டும் சொல்லும்: மேலே இருக்கிற பாலம். மேம்பாலம் என்னும்போது ஒரு தகுதியும் சேர்ந்து ஒலிக்கிறது. "எங்க ஊருக்கும் மேம்பாலம் வருதாம்" என்று ஒருவர் சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் பெருமிதத்தைக் கேட்டுப் பாருங்கள். மருத்துவமனை வருகிறது, கல்லூரி வருகிறது என்று சொல்லும் அதே குரல். தரைப்பாலத்துக்கு இந்தக் குரல் கிடைக்காது. மழைக்காலத்தில் 'தரைப்பாலம் மூழ்கியது' என்றுதான் அது செய்தியில் வரும். அதற்குப் பதிலாக ஊர்க்காரர்கள் கேட்பது 'உயர்மட்டப் பாலம்'. ஆற்றுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் கட்டினாலும் அதைப் பெரும்பாலும் மேம்பாலம் என்பதில்லை. தண்ணீருக்கு மேலே போனால் உயர்மட்டம். சாலைக்கோ தண்டவாளத்துக்கோ மேலே போனால்தான் மேம். யாரும் உட்கார்ந்து வகுக்காத இந்தப் பாகுபாட்டைப் பெரும்பாலோர் கடைப்பிடிக்கிறார்கள்.

வினைச்சொற்களிலும் அப்படியே. ஆற்றுப் பாலத்தைக் கடக்கிறோம், தாண்டுகிறோம். "பாலம் தாண்டினா எங்க ஊரு" என்பார்கள். மேம்பாலத்தைக் கடந்தேன் என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? "பாலம் ஏறி இறங்குனீங்கன்னா லெஃப்ட்ல" என்றுதான் வழி சொல்வார்கள். ஏறுவது, இறங்குவது. மலைக்கும் படிக்கட்டுக்கும் உரிய வினைகள். கடப்பதற்கு எதிரே ஒரு தடை வேண்டும், தடைக்கு அப்பால் ஒரு கரை வேண்டும். மேம்பாலத்துக்குக் கரை இல்லை. இறங்குகிற இடமும் ஏறிய அதே சாலைதான்.

பாலம் என்ற சொல்லுக்கு நம் மனதில் உள்ள பொருள் சேர்ப்பது. இரண்டு பேரைச் சேர்த்துவைத்தவரைப் பாலமாக இருந்தார் என்கிறோம். மொழிபெயர்ப்பாளரைப் பாலம் என்கிறோம். மேம்பாலத்தின் வேலை அதற்கு நேர்மாறானது: சந்தித்திருக்கக்கூடிய இரண்டு சாலைகளைச் சந்திக்கவிடாமல் செய்வது. பொறியாளர்கள் தங்களுக்குள் இதைக் 'கிரேடு செபரேட்டர்' என்பார்கள். தளம் பிரிப்பான் என்று பொருள். கட்டுகிறவர்கள் அதைப் பிரிப்பது என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். பாலம் என்ற பழைய, அன்பான சொல்லை அதற்குக் கொடுத்தவர்கள் நாம்.

எதைப் பிரிக்கிறது? சந்தியை. இந்த இடத்தில் தமிழின் செல்வம் கொஞ்சநஞ்சமில்லை. சந்தி, முச்சந்தி, நாற்சந்தி, சதுக்கம், முக்கு, கூட்டுரோடு. சங்க இலக்கியத்தில் கிளை பிரியும் வழிக்குக் கவலை என்று பெயர். எந்த வழியில் போவது என்று நின்ற இடத்தின் பெயரைத்தான் இன்று மனச்சுமைக்கு வைத்திருக்கிறோம். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் நான்கு தெரு கூடும் இடத்தில் சதுக்கப் பூதம் குடியிருந்தது. பொய்ச்சாட்சி சொன்னவர், புறங்கூறியவர், பிறர்மனை நயந்தவர் எல்லோரையும் கயிற்றால் கட்டி அடித்து உண்ணும் பூதம். நகரத்தின் நீதி அரண்மனையில் மட்டுமில்லாமல் நாற்சந்தியிலும் இருந்தது. எவரும் அதைக் கடந்துதான் போயாக வேண்டும் என்பதால்தானே பூதத்தை அங்கே வைத்தார்கள்?

இன்றும் வீட்டில் ஒரு விஷயம் வெளியே தெரிந்துவிட்டால் சந்தி சிரிக்கிறது என்கிறோம். திருஷ்டி கழித்ததை முச்சந்தியில் கொண்டுபோய்ப் போடுகிறோம். பாட்டுப் புத்தகமும் கொலைச்சிந்தும் தெருவில் விற்ற காலத்து வெகுசன எழுத்தைப் பற்றி எழுதிய ஆ. இரா. வேங்கடாசலபதி, அந்த நூலுக்கு 'முச்சந்தி இலக்கியம்' என்றே பெயர் வைத்தார். சந்திக்கு இத்தனை இருக்கிறது. மேம்பாலத்தை வைத்து நம்மிடம் ஒரு பழமொழிகூட இல்லை. வயது போதவில்லை என்று சொல்லலாம். எனக்கு வேறு காரணமும் தோன்றுகிறது. சொலவடை பிறக்க மனிதர்கள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். மேம்பாலத்தில் நிற்கக் கூடாது.

இலக்கணத்திலும் சந்தி உண்டு. எழுத்தும் எழுத்தும் கூடுமிடம். மேல் என்பதும் பாலம் என்பதும் முறையாகக் கூடியிருந்தால் மேற்பாலம் ஆகியிருக்கும் என்றேன். அந்தச் சந்தியில் நிற்காமல் இந்தச் சொல்லும் மேலேறிப் போய்விட்டதோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சென்னையின் முதல் மேம்பாலம் 1973இல் அண்ணா சாலையில் திறக்கப்பட்டது. மும்பையின் கெம்ப்ஸ் கார்னரில் 1965இல் நாட்டின் முதல் மேம்பாலம் வந்து எட்டு ஆண்டுகள் கழித்து. பலகையில் அண்ணா மேம்பாலம். மக்கள் வாயில் அன்றும் இன்றும் ஜெமினி. எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ அந்த முனையில் இருந்தது. அது போய், அந்த இடத்தில் நட்சத்திர விடுதி வந்து, ஸ்டூடியோவைக் கண்ணால் பார்க்காத மூன்று தலைமுறை வந்துவிட்டது. ஆனாலும் "ஜெமினிகிட்ட இறங்கிக்கிறேன்" என்றுதான் சொல்கிறோம். மேலே ஓடும் பாலத்துக்குக் கீழே இருந்த இடத்தின் பெயர். கத்திப்பாராவும் பாடியும் அப்படித்தான். கட்டப்பட்ட உயரத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் ஜனங்கள் மண்ணின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அதே 1973இல் எங்கள் திருநெல்வேலியிலும் ஒரு மேம்பாலம் வந்தது. சந்திப்பு ரயில் நிலையத்தை ஒட்டித் தண்டவாளங்களுக்கு மேலே போகிற திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம். எங்களுக்கு ஈரடுக்குப் பாலம், அவ்வளவுதான். சென்னைக்காரர்களுக்கு மேம்பாலம் என்றால் சாலைக்கு மேல் சாலை. எங்கள் பக்கத்தில் வெகுகாலம் அது ரயிலுக்கு மேல் சாலை. "கேட்டு போட்டுட்டான்" என்று அலுத்துக்கொண்டு, வெயிலில் சைக்கிளைச் சாய்த்து, கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றவர்களுக்குக் கிடைத்த விடுதலை அது. பிரசவ வலியில் இருந்த பெண்ணை ஏற்றிய வண்டிகள் மூடிய கேட்டின் முன்னால் நின்ற கதை எந்த ஊரிலும் ஒன்றாவது இருக்கும். அந்த ஊர்களில் மேம்பாலம் என்ற சொல்லைப் பெருமிதத்தோடு சொல்கிறார்கள் என்றால் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே அது உண்மையிலேயே ஒரு தடையைத் தாண்டுகிறது. அது பாலம்தான்.

ஈரடுக்குப் பாலத்தை நான் நினைத்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் அதன் கீழ் அடுக்கு. மேலடுக்கில் பேருந்தும் லாரியும். கீழடுக்கு சைக்கிள் போன்ற சிறுவண்டிகளுக்கு. எனக்குச் சைக்கிள் ஓட்டப் பழகிய வயதில் ஆச்சி வாசலில் நின்று சொல்வாள்: "ஏல, மேல போவாத. கீழ போ. லாரிக்காரன் பாக்க மாட்டான்." கீழடுக்கில் நிழல் உண்டு. நடுவில் நின்றால் காலுக்குக் கீழே ரயில் போகும், தலைக்கு மேலே பேருந்து தடதடக்கும். எஞ்சினின் சூடு முகத்தில் அடிக்கும். ஒரு பாலத்தைக் கட்டும்போது சைக்கிளில் போகிறவனுக்கும் ஓர் அடுக்கு வேண்டும் என்று யாரோ வரைபடத்தில் யோசித்திருக்கிறார்கள். பிற்பாடு கட்டிய எத்தனையோ மேம்பாலங்களில் அந்த யோசனையை நான் பார்க்கவில்லை.

மேம்பாலம் கண்ணுக்குத் தூண்களாகத் தெரிகிறது. தரையில் நிற்பவருக்கு அது முதலில் சுவர். கீழே லாரியும் பேருந்தும் போக ஐந்தரை மீட்டர் இடம் விட வேண்டும். அதற்குமேல் தளத்தின் கனம். முப்பது அடி ஓடினால் ஓர் அடி ஏறும் சரிவு வேண்டும் என்பது சாலைப் பொறியாளர்களின் பொதுக் கணக்கு. கணக்குப் போட்டால் ஒவ்வொரு பக்கமும் இருநூறு மீட்டருக்குமேல் ஏற்றம் வந்துவிடும். அந்த ஏற்றத்தின் கணிசமான பகுதி இரு பக்கமும் சுவர் எழுப்பி மண் நிரப்பியது. அந்தச் சுவர் வந்த நாளில் எதிர்ப்புறத்துக் கடை காணாமல் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு சிற்றூரில் அப்படிச் சுவரோரமாகிப் போன டீக்கடை ஒன்று உண்டு. கடைக்காரர் சொன்னார்: "மேல போறவங்களுக்கும் டீ குடிக்கணும்னு தோணும்ணே. எறங்க வழியில்லயே." அவர் கடைக்கு எதிரே இருந்த பூக்காரம்மாவைப் பார்த்து ஆறு மாதமாயிற்று என்றும் சொன்னார். அந்தம்மா எங்கேயும் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அதே இடத்தில்தான் இருக்கிறார். இடையில் சர்வீஸ் ரோடு, சுவர், மறுபடி சர்வீஸ் ரோடு. கடக்க வேண்டுமென்றால் முக்கால் கிலோமீட்டர் சுற்ற வேண்டும். இருபது வருடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கடை திறந்தவர்கள்.

நெடுஞ்சாலை ஊர்களில் இந்த மேலும் கீழும் பேருந்துக்கே அடைமொழியாகிவிட்டன. "அது மேல போற பஸ், ஏறாதீங்க" என்பார்கள். மேலே போகிற பேருந்து ஊருக்குள் வராது. பாலத்தின்மேல் ஏறி அப்படியே போய்விடும். கீழே போகிற பேருந்து சர்வீஸ் ரோட்டில் இறங்கி நிலையத்துக்குள் போய் வரும். நடத்துநர்கள் வண்டி எடுக்கும் முன்பே குரல் கொடுப்பார்கள்: "ஊருக்குள்ள போகாது, பாலத்து முனையிலதான் நிக்கும்." சிலர் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை அம்மாவோடு இரவு இரண்டு மணிக்கு அப்படி ஒரு பாலத்து முனையில் இறக்கிவிடப்பட்டேன். அம்மாவுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது, மூட்டு வலி வேறு. விளக்கு இல்லை. லாரிகள் காற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. ஊரின் வெளிச்சம் கீழே தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. இறங்கத்தான் படி இல்லை. சரிவின் ஓரமாகவே, அம்மாவை உள்பக்கம் விட்டு, கைபேசி வெளிச்சத்தில் நடந்தோம். "ஊரு இங்கதானப்பா இருக்கு?" என்று அம்மா இரண்டு முறை கேட்டாள்.

இந்தச் சொல்லைச் சுற்றி வேறு சொற்களும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆங்கிலத்து ஃபிளைஓவரில் பறத்தல் இருக்கிறது. நாம் அதைப் பாலத்துக்குக் கொடுக்கவில்லை. ஆனால் 1995இல் சென்னைக் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம்வரை, ஒரு பகுதி தூண்கள்மீது, ஓடத் தொடங்கிய ரயிலைப் பறக்கும் ரயில் என்றோம். மதுரவாயல்–துறைமுகம் திட்டத்துக்குப் பறக்கும் சாலை என்று பெயர். 2009இல் அடிக்கல் நாட்டி, 2012இல் பணி நின்று, கூவத்தின் கரையில் தலையில்லாத தூண்கள் பல ஆண்டுகள் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. 2022இல் அதே திட்டத்துக்கு மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். இந்த முறை ஈரடுக்கு. 2001 ஜூன் 30 அதிகாலையில் மேம்பாலங்கள் கட்டியதில் முறைகேடு என்ற குற்றச்சாட்டில் முன்னாள் முதல்வர் மு. கருணாநிதி கைதானபோது 'மேம்பால வழக்கு' என்ற சொற்றொடர் ஒரே நாளில் எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் நுழைந்தது. வழக்கு தண்டனையில் முடியவில்லை. ஆனால் சொல்லுக்கு அந்த நிழல் கொஞ்ச காலம் இருந்தது. இப்போது கோவை அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம், 2025 அக்டோபரில் திறந்தது. பத்து கிலோமீட்டர் போவதை இன்னும் பாலம் என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல் எவ்வளவுதான் நீளும் என்று எனக்கு வியப்பு.

நடந்து போகிறவர்களுக்கு 'நடைமேம்பாலம்' என்று ஒன்றைச் செய்திருக்கிறார்கள். சொல் அழகானது. நடை என்ற முன்னொட்டு வந்ததும் மேம்பாலம் கொஞ்சம் மென்மையாகிவிடுகிறது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம்வரை 2023இல் திறந்த 570 மீட்டர் நடைமேம்பாலத்தில் பண்டிகைக் காலத்தில் போயிருக்கிறேன். துணிப்பைகளோடு குடும்பங்கள் நின்று கீழே ரங்கநாதன் தெருவின் கூட்டத்தைப் பார்க்கின்றன. குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அங்கே மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடிகிறது. கார் போகிற பாலங்களில் இது நடக்காது. அதே சமயம், சாலையைக் கடக்க ஐம்பது படி ஏறி ஐம்பது படி இறங்க வேண்டியவர் நடப்பவரா, காரில் போகிறவரா என்று கேட்டால் எந்த நடைமேம்பாலத்தின் அடியிலும் பதில் நிற்கும். படிக்கட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டிகளுக்குக் கை காட்டியபடி நடுச்சாலையில் இறங்கும் அறுபது வயதுப் பெண்கள். அவர்களைச் சாலை விதி தெரியாதவர்கள் என்று எழுதுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் வரும். அவர்களுக்கு முழங்கால் விதி தெரியும்.

பாலத்தடி என்று ஒரு சொல் பேச்சில் இருக்கிறது. ஆலடி, கோயிலடி போல. மரத்தடிக்குச் சமமான சொல்லை மேம்பாலத்துக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் அங்கே செருப்புத் தைப்பவர்கள், இளநீர் வைத்திருப்பவர்கள், மழைக்கு ஒதுங்கும் இருசக்கர வண்டிக்காரர்கள், ராத்திரி படுத்துக்கொள்பவர்கள். கத்திப்பாராவின் அடியில் 2021இல் சதுக்கம் ஒன்றை அமைத்தார்கள். உணவுக்கடைகள், உட்கார இடம், வண்டி நிறுத்தம். மாலை நேரத்தில் அங்கே உட்கார்ந்தால் மேலே போகும் வண்டிகளின் சத்தம் தூரத்து மழை போல இருக்கும். சந்தியைப் பிரித்துப்போட்ட பாலத்தின் அடியில் மறுபடி ஒரு சதுக்கம். அதற்கு அந்தப் பழைய சொல்லையே கொடுத்தவரை நான் மனதுக்குள் வணங்கிக்கொண்டேன்.

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரியில் நடந்ததை நாடே படத்தில் பார்த்தது. முந்தைய ஆண்டு வெள்ளத்தில் வண்டிகளைப் பறிகொடுத்தவர்கள், மழை வலுக்கும் முன்பே கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். ஏரியும் சதுப்பும் இருந்த நிலம் அது. பெயரிலேயே ஏரி ஒலிக்கும் ஊர். தண்ணீர் இல்லாத இடத்தில் கட்டிய பாலத்தின் அடிக்குத் தண்ணீர் வரப்போகிறது என்றதும் பாலம் மேடாகிவிட்டது. நிறுத்தக் கூடாது, அபராதம் என்று முதலில் பேச்சு வந்தது. ஆனாலும் இருட்டுவதற்குள் இரு பக்கமும் கார்கள்.

என் தம்பி மகன் அங்கேதான் வாடகைக்கு இருக்கிறான், தரைத்தளத்தில். மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான்.

"வண்டிய பாலத்து மேல விட்டுட்டேன் பெரியப்பா. நல்ல வேள, இடம் கெடச்சுது."

"நீங்க எங்கப்பா இருக்கீங்க?"

"நாங்க கீழதான் பெரியப்பா. வீட்ல."